கிளப்பியதும் ஆஃப் ஆகும் பழைய லாரி

நாமக்கல், சங்ககிரி பக்கம் இன்னும் ஓடும் பழைய டீசல் லாரி, கிளம்பிய சில நிமிடங்களில் நின்றுபோனால் முதலில் டீசல் வரும் வழியைப் பாருங்கள்.

• டேங்க் மூடியைத் தளர்த்திவிட்டு இன்ஜினை ஓட விடுங்கள். நிற்காமல் ஓடினால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது.

• ஃபில்டர் மேலுள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்திக் கைப்பம்பை அடியுங்கள். நுரை அடங்கி, வெறும் டீசல் வந்ததும் ஸ்க்ரூவை முறுக்குங்கள்.

• மறுநாளும் நுரை வந்தால் டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் இடையே குழாயோ வாஷரோ காற்றை இழுக்கிறது. அது உறிஞ்சும் பக்கம். ஓடும்போது வெளியே டீசல் கசியாமலும் இருக்கலாம்.

• கைப்பம்பு அடித்தும் டீசல் மெலிசாக வந்தால் ஃபீட் பம்பின் வலையையும் ஃபில்டரையும் பாருங்கள்.

• மழைக்காலத்தில் ஃபில்டர் அடியிலிருந்து கொஞ்சம் டீசலைக் கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தங்கும்.

• ஸ்டாப்பர் கேபிள் முழுதாகத் திரும்பி வருகிறதா என்றும் பாருங்கள்.

வேலைக்கு முன் ஹேண்ட் பிரேக் போட்டு, டயருக்குக் கட்டை வையுங்கள். இன்ஜின் ஓடும்போது இன்ஜெக்டர் குழாயில் கை வைக்க வேண்டாம். அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைக்கும்.