அறிவு பிறப்பிலா, வளர்ப்பிலா?



வியாபாரிகளாகிய நம்மிடையே அடிக்கடி கேட்கும் சொல் ஒன்று உண்டு. "அவனுக்குப் படிப்பு ஏறாது, கடையில் போட்டுவிட வேண்டியதுதான்" என்பதே அது. சரக்கைத் தரம் பிரிப்பதுபோல் பத்து வயதுப் பிள்ளையையும் பார்த்து, இது உயர்ந்த ரகம், இது மட்டம் என்று ஒதுக்கிவிடுகிறோம். இத்தீர்ப்பு சரிதானா என்று சிந்திக்கவே இதை எழுதுகிறேன்.

பிறரைக் குறை கூறுமுன் என் குறையைச் சொல்லிவிடுகிறேன். என் இளைய மகன் கணக்கில் தேறாத பரீட்சைத் தாளைக் கடைக்குக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்டான். ஆட்கள் நிற்பதையும் பாராமல், "உன் மண்டையில் களிமண்தானடா இருக்கிறது" என்று ஏசிவிட்டேன். தலைகுனிந்து நின்றான். சற்று நேரத்தில் கூட்டம் கூடியது. ஓர் அம்மாள் கிலோ 3 வெள்ளி 60 காசு வெங்காயத்தில் ஒன்றரைக் கிலோவும், 2 வெள்ளி 90 காசு பருப்புப் பொட்டலம் இரண்டும் எடுத்துக்கொண்டு 50 வெள்ளி நோட்டை நீட்டினார். நான் கணக்கிடும் பொறியைத் தேடுமுன், "11 வெள்ளி 20 காசு, மீதி 38 வெள்ளி 80 காசு, அத்தா" என்றான் அந்தக் களிமண் மண்டைக்காரன்! அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

இது என் வீட்டில் மட்டும் நடந்த அதிசயமன்று. பிரேசில் நாட்டிலே ரெசிஃபே என்னும் நகரம் உண்டு. அங்கே தெருவிலும் சந்தையிலும் பெற்றோருக்கு உதவியாக வியாபாரம் செய்த ஐந்து பிள்ளைகளை ஆராய்ச்சியாளர் மூவர் சோதித்து, 1985இல் முடிவை வெளியிட்டனர். வாங்குபவர்போல் நின்று விலை கேட்டபோது பிள்ளைகள் நூற்றுக்கு 98 கேள்விகளுக்குச் சரியான விடை கூறினர். அதே கணக்குகளைப் பள்ளிக்கூடத்து முறையில் வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது நூற்றுக்கு 37தான் சரியாயின.

அவர்களுள் 12 வயதுப் பிள்ளை ஒருவன். காய் ஒன்று 35 க்ரூசெய்ரோ வீதம் நான்கு தேங்காய் என்ன விலை என்று கேட்டதற்கு, மூன்று காய்க்கு 105 என்று தொடங்கி, மேலும் ஒரு காய்க்குரியதைக் கூட்டி 140 என்றான். அவனிடமே 35ஐ 4ஆல் பெருக்கு என்று தாளில் கொடுத்தபோது 200 என்று எழுதினான். நாலைந்து இருபது, கையில் இரண்டு என்றவன், அந்த இரண்டை முதலிலேயே மூன்றோடு கூட்டி, வந்த ஐந்தை நாலால் பெருக்கிவிட்டான்! மூளை ஒன்றுதான். கணக்கும் ஒன்றுதான். பழகிய இடம் வேறு, அவ்வளவே.

இந்தியாவில் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் நடத்தி 2025இல் வெளியான பெரிய ஆய்வும் இதையே காட்டிற்று. அதில் மறுபக்கமும் தெரிந்தது. சந்தையே அறியாத பள்ளிப் பிள்ளைகள் தாள்கணக்கை நன்றாகச் செய்தனர். கடைக்கணக்கு கேட்டால் தடுமாறினர். ஆகவே பிள்ளை எந்தச் சூழலில் பழகுகிறதோ அந்தத் திறமை வளர்கிறது. ஓரிடத்தில் வளர்ந்த திறமை தானாக மற்றோரிடத்துக்குத் தாவிவிடுவதில்லை. யாராவது ஒருவர் பாலம் போட வேண்டும்.

இதற்கு ஏறக்குறைய 600 ஆண்டுகளுக்கு முன்பே நம் பேரறிஞர் ஒருவர் வழி காட்டியிருக்கிறார். தூனிஸில் 1332இல் பிறந்து, கெய்ரோவில் காஜியாகவும் இருந்து, 1406இல் மறைந்த இப்னு கல்தூனே அவர். கிழக்கு நாட்டார் பிறவியிலேயே அறிவாளிகள் என்று மேற்கிலிருந்து சென்ற பயணிகள் வியந்தனர். இப்னு கல்தூன் தமது 'முகத்திமா'வில் அதை மறுத்தார். தொழிலும் கல்வியும் செழித்த நகர வாழ்வே அவர்கள் அறிவைத் தீட்டிற்று. பிறவியில் வேறுபாடில்லை என்றார். எழுத்தும் கணக்கும் பழகுவோரின் அறிவு கூர்மையடையும் என்றும் விளக்கினார். மாணவரைக் கடுமையாக நடத்தினால் ஊக்கம் குன்றி, சோம்பலும் பொய்யும் குடிகொள்ளும் என்றும் எச்சரித்தார். அதைப் படித்தபோது என் ஏச்சு நினைவுக்கு வந்தது.

சூழல் என்பது பள்ளியும் வீடும் மட்டுமன்று. உண்ணும் உணவும் அதில் அடங்கும். கர்ப்பிணித் தாயின் உணவில் அயோடின் மிகக் குறைந்துவிட்டால் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். அதைத் தடுக்கவே உப்பில் அயோடின் கலக்கிறார்கள். நாம் சில காசுக்கு விற்கும் உப்புப் பொட்டலத்திலும் ஒரு பிள்ளையின் அறிவு அடங்கியிருக்கிறது!

அப்படியானால் பிறப்பில் ஒன்றுமே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. மாங்கொட்டையிலிருந்து தென்னை முளைக்காது. அல்லாஹ் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு விதையைத் தந்திருக்கிறான். ஆனால் நீரூற்றாமலே விதையைப் பழிப்பது நியாயமா? ஒவ்வொரு குழந்தையும் தூய இயல்பிலேயே பிறக்கிறது என்றும், பெற்றோரே அதை வேறு வழியில் திருப்புகின்றனர் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். அது மார்க்கத்தைக் குறித்த சொல்தான். எனினும் பெற்றோரின் கை பிள்ளைமீது எவ்வளவு அழுத்தமாகப் படிகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

நாம் செய்யக்கூடியது யாதெனில், முதலாவதாக, பிள்ளையை மக்கு, மட்டி என்று அழைப்பதை நிறுத்துவோம். இரண்டாவதாக, கடைக்கும் பள்ளிக்கும் நாமே பாலம் போடுவோம். நான் இப்போது மகனிடம் பழைய பில் புத்தகத்தைக் கொடுத்து, வாயால் சொன்ன கணக்கைத் தாளில் எழுதச் சொல்கிறேன். எழுதியதை ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்கிறேன். மூன்றாவதாக, பெண் பிள்ளைகளையும் இதில் சேர்ப்போம். நான்காவதாக, கடைதான் நல்ல பள்ளிக்கூடம் என்று சொல்லிப் படிப்பை நிறுத்திவிட வேண்டாம். ரெசிஃபேப் பிள்ளைகளுக்குச் சந்தை தந்தது பாதி. மற்றப் பாதியைப் பள்ளிதான் தர வேண்டும்.

என் மகன் முதல் மாணவனாக வந்துவிட்டான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கு நோட்டைக் கண்டு ஒளிவதில்லை. சென்ற வாரம் ஒரு கணக்கை என்னிடம் காட்டி, "இதை நீங்கள் போடுங்கள், அத்தா" என்றான். எனக்குத்தான் வரவில்லை. அருகில் உட்கார்ந்து அவனே சொல்லிக் கொடுத்தான்.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமாகிய பிள்ளைகளைச் செவ்வனே வளர்க்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.