காரணமின்றி ஒலிக்கும் திருட்டு அலாரம்: மின் குறுக்கீட்டைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி?



நம் பகுதியில் பல வீடுகளில் ஆண்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். வீட்டில் பெண்களும் பிள்ளைகளும் வயதான பெற்றோரும்தான். தராவீஹ் தொழுகைக்கோ, கல்யாண வீட்டிற்கோ போகும்போது வீடு பூட்டியே கிடக்கும். அதனால் திருட்டு அலாரம் பொருத்துவோர் கூடியிருக்கிறார்கள். அது நல்ல விஷயம்தான்.

ஆனால் பொருத்திய சில மாதங்களில் ஒரு குறை எழுகிறது. யாரும் வராமலே அலாரம் அடிக்கிறது. இரண்டு மூன்று இரவு தூக்கம் கெட்டதும் வீட்டார் அதை அணைத்து வைத்துவிடுகிறார்கள். பக்கத்து வீட்டாரும் "அது சும்மா அடிக்கிற அலாரம்" என்று பழகிவிடுகிறார்கள். பிறகு உண்மையிலேயே திருடன் வரும் நாளில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஆகவே பொய் அலாரத்தைத் தொந்தரவு என்று மட்டும் நினைத்து விட்டுவிடக் கூடாது. அதன் காரணத்தைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும்.

அலாரம் எப்படி வேலை செய்கிறது?

சுவரில் உள்ள பெட்டிக்குப் பேனல் என்று பெயர். அது 12 வோல்ட் மின்சாரத்தில் இயங்கும். கரண்ட் போனாலும் வேலை செய்வதற்காக உள்ளே ஒரு சிறிய பேட்டரி இருக்கும். கதவு, ஜன்னல்களில் காந்த சுவிட்சும், அறைகளில் ஆள் நடமாட்டத்தை உணரும் சென்சாரும் இருக்கும். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு ஜோடி வயர் போகும். இதை ஜோன் என்பார்கள். ஒயர் கடைசியில் ஒரு சிறு ரெசிஸ்டர் இருக்கும். பேனல் அந்த ஒயரில் உள்ள வோல்டேஜை இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கும். அது மாறினால், கதவு திறந்துவிட்டது என்றோ ஒயரை யாரோ அறுத்துவிட்டார்கள் என்றோ எடுத்துக்கொண்டு சைரனை ஒலிக்கும்.

குறுக்கீடு எங்கிருந்து வருகிறது?

சுபுஹுக்கு எழுந்ததும் தண்ணீர் மோட்டார் போடுகிறோம். அந்த நேரத்தில் அலாரம் இன்னும் இரவுக் காவலில்தான் இருக்கும். மோட்டார் கிளம்பும் கணத்தில், ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு மின்சாரத்தை இழுக்கும். வீட்டின் வோல்டேஜ் ஒரு நொடி இறங்கும். மோட்டார் ஒயரைச் சுற்றிக் காந்தப்புலம் சட்டென்று மாறும். அலாரம் ஒயர் அதே பைப்பில் கூடவே போனால், அதிலும் ஒரு பொய்யான வோல்டேஜ் உண்டாகும். மோட்டாரை அணைக்கும்போது சுவிட்சில் எழும் தீப்பொறியும் இதையே செய்யும்.

பிரிட்ஜ் கம்ப்ரஸர், மிக்ஸி, பழைய சோக் வைத்த டியூப் லைட், மலிவான எல்.இ.டி. பல்பு, மின்விசிறி ரெகுலேட்டர், இன்வெர்ட்டர், மழைக்கால மின்னல் ஆகியவையும் காரணமாகலாம்.

படிப்படியாகச் சோதிப்போம்

1. நோட்டில் எழுதுங்கள். ஒரு வாரத்திற்கு, அலாரம் அடித்த நேரம், கீபேடில் காட்டிய ஜோன் எண், அப்போது ஓடிய கருவி, மழையா, கரண்ட் போய் வந்ததா என்று குறித்து வையுங்கள். ஒரே ஜோன் மட்டும் அடித்தால் கோளாறு அந்த ஒயரிலோ சென்சாரிலோ இருக்கலாம். பல ஜோன்கள் ஒன்றாக அடித்தால் பேனல் அல்லது மின் சப்ளை மீது சந்தேகம் கொள்ளுங்கள்.

2. மின்சாரம் சாராத காரணங்களை விலக்குங்கள். கதவு ஆடுகிறதா? காந்தம் சுவிட்சிலிருந்து விலகியிருக்கிறதா? சென்சார் வெயில் படும் ஜன்னலையோ, ஏ.சி. காற்றையோ நேராகப் பார்க்கிறதா? பல்லியோ சிலந்தியோ அதன் மேல் ஊர்கிறதா? சென்சார் வெப்ப மாற்றத்தை உணர்வது. ஆகவே இவையும் அதை ஏமாற்றும்.

3. பேட்டரியைப் பாருங்கள். பேனலின் மெயின் இணைப்பை அணைத்து அரை மணி நேரம் பேட்டரியில் ஓட விடுங்கள். பிறகு மீட்டரில் பார்த்தால் 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருக்கக் கூடாது. இத்தகைய பேட்டரிகள் பொதுவாக மூன்று முதல் ஐந்து வருடம் வரை உழைக்கும். பேட்டரி செத்துப்போயிருந்தால், கரண்ட் போய் வரும் ஒவ்வொரு முறையும் அலாரம் அடிக்கலாம்.

4. கருவிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். அக்கம்பக்கத்தாரிடம் முன்பே சொல்லிவிட்டு, பகலில் அலாரத்தைக் காவலில் வையுங்கள். மோட்டாரைச் சிறிது இடைவெளி விட்டுச் சில முறை போட்டு அணையுங்கள். அடுத்து மிக்ஸி, டியூப் லைட் என்று தொடருங்கள். எதைப் போடும்போது அடிக்கிறதோ, அதுதான் மூலம்.

5. குறுக்கீடு வரும் வழியைப் பிரியுங்கள். பேட்டரி நல்ல நிலையில் இருந்தால், பேனலின் மெயினை அணைத்து பேட்டரியில் மட்டும் ஓடவிட்டு, அதே கருவியைப் போடுங்கள். அலாரம் அடிக்கவில்லை என்றால் குறுக்கீடு மெயின் லைன் வழியாகப் பேனலுக்குள் வருகிறது. அப்போதும் அடித்தால் ஜோன் ஒயரோ சென்சாரோ அதை வாங்குகிறது.

6. ஒயரா, சென்சாரா? இதை மெக்கானிக் செய்யட்டும். ஜோன் ஒயரைப் பேனலில் கழற்றி, அங்கேயே சரியான ரெசிஸ்டரைப் போட்டு மோட்டாரை ஓட்டினால், பேனல் நல்லதா என்பது தெரியும். அடுத்து ஒயரை மாட்டி, மறுமுனையில் சென்சாருக்குப் பதில் ரெசிஸ்டரை வைத்துப் பார்க்க வேண்டும். இப்போது அடித்தால் குறை ஒயரில். அடிக்காவிட்டால் குறை சென்சாரில். ரெசிஸ்டரின் அளவு மாடலுக்கு மாடல் மாறும். கையேட்டில் உள்ளதையே போட வேண்டும்.

தீர்வுகள்

- அலாரம் ஒயரைக் கரண்ட் ஒயர் போகும் பைப்பிலிருந்து எடுத்துத் தனிப் பைப்பில் போடுங்கள். இரண்டுக்கும் இடையே ஒரு அடியாவது இடைவெளி இருந்தால் நல்லது. கடக்க வேண்டிய இடத்தில் குறுக்காகக் கடக்கட்டும். பக்கத்திலேயே இணையாகப் போகக் கூடாது.
- அப்படி மாற்ற முடியாத இடத்தில் உறை போட்ட ஷீல்டு கேபிள் பயன்படுத்தலாம். அந்த உறையைப் பேனல் பக்கத்தில் மட்டும் எர்த்தில் சேர்க்க வேண்டும். இரு முனையிலும் சேர்த்தால் புதிய குறுக்கீடு உண்டாகும்.
- குறுக்கீடு மெயின் வழியாக வந்தால், பேனலுக்கு மோட்டாரோடு சேராத தனி லைன் கொடுங்கள். வடிகட்டியும் மின்னல் தடுப்பும் கொண்ட பாதுகாப்புக் கருவியை வையுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.
- தீப்பொறி எழும் பழைய மோட்டார் சுவிட்சை மாற்றுங்கள்.
- இன்வெர்ட்டர் ஓடும்போது மட்டும் அடித்தால், பேனலை இன்வெர்ட்டர் லைனிலிருந்து நீக்குங்கள். அதற்குத்தான் சொந்தப் பேட்டரி இருக்கிறதே.
- வயர்லெஸ் அலாரமானால் சென்சார் பேட்டரியை முதலில் மாற்றுங்கள். பேனலை இரும்பு பீரோ, வைஃபை ரூட்டர், இன்வெர்ட்டர் ஆகியவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். மலிவான மாடல்கள் பல 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. வயர்லெஸ் காலிங் பெல், கேட் ரிமோட் போன்றவையும் அதே அலைவரிசையில் இயங்கலாம் என்பதால் அவற்றையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள்.

எச்சரிக்கை

230 வோல்ட் லைனை நீங்களாகத் தொடாதீர்கள். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழையுங்கள். பேனலைத் திறக்கும் முன் மெயினை அணைக்க வேண்டும். "எர்த்தைக் கழற்றிவிட்டால் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அலாரம் அடங்கினாலும் ஷாக் அடிக்கும் ஆபத்து வந்துவிடும். சென்சாரின் உணர்திறனை அளவுக்கு மீறிக் குறைப்பதும் தவறு. திருடன் வந்தாலும் அது பேசாமல் இருந்துவிடும்.

வீட்டுப் பயிற்சி

மாதம் ஒரு நாள், எல்லாரும் வீட்டில் இருக்கும்போது, ஒவ்வொரு கதவையும் திறந்து அலாரம் அடிக்கிறதா என்று சோதியுங்கள். அணைக்கும் முறையை உம்மாவுக்கும் பெரிய பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். அலாரம் அடித்தால் முதலில் யாருக்குப் போன் செய்வது என்று பக்கத்து வீட்டாருடன் பேசி முடிவு செய்து வையுங்கள். கோளாறு சரியானதும் அதையும் அவர்களிடம் சொல்லுங்கள். "இனி அடித்தால் உண்மையாக இருக்கும்" என்று அவர்கள் நம்பினால்தான் அந்தச் சைரனைக் கேட்டு ஓடி வருவார்கள்.