உயர் மின்கம்பியும் தோட்டக் கட்டட வேலையும்

கற்பிட்டி, நுரைச்சோலைப் பகுதி மணற்றோட்டங்களில் குழாய்க் கிணறு இறக்கும்போதும், வெங்காயக் கொட்டில் அமைக்கும்போதும், கமக்காரர் முதலில் மேலே நோக்குதல் வேண்டும். வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. உயர் மின்கம்பியிலோ 33,000 வோல்ற்றும் உண்டு. இரும்புக் குழாய் அதனைத் தொடவேண்டியதில்லை. மிக அண்மித்தாலே மின்சாரம் பாய்ந்து, பிடித்திருப்பவரின் உடல்வழியே நிலத்தை அடையும். கம்பியிற் காகம் இருப்பதைக் கண்டு ஏமாறுதல் கூடாது. காகம் நிலத்தைத் தொடுவதில்லை, மனிதனோ தொட்டு நிற்கின்றான். கடற்காற்றின் உப்பீரம் படிந்த மரக்கழியும் மின்கடத்தும்.

1. கம்பியின் கீழ்க் கிணறோ கொட்டிலோ அமைக்கலாகாது.

2. குழாய், ஏணி, கூரைத்தகரம் ஆகியவற்றைக் கிடையாகவே சுமந்து செல்க.

3. கம்பிக்கு அருகே வேலை இன்றியமையாததாயின், மின் அலுவலகத்தார் மின்சாரத்தை நிறுத்திய பின்னரே தொடங்குக.

4. ஒருவர் அகப்பட்டால், மின்சாரம் நிறுத்தப்படும்வரை அவரையோ குழாயையோ தொடலாகாது. மீட்கச் சென்றவரும் மாள்வதுண்டு.