வண்டி எங்கே நிற்கும்? மணிலாவிலிருந்து குடும்பத்தோடு போக நான்கு சாலைகள்

பிலிப்பைன்ஸ் என்றதும் நம்மவர்களுக்குக் கடற்கரைதான் நினைவுக்கு வருகிறது. 2025 ஜூனிலிருந்து இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் 14 நாள் வரை விசா இல்லாமல் சுற்றுலா போய்வரலாம். அந்தப் பதினான்கில் நான்கைந்து நாளை மணலுக்குக் கொடுக்காமல் லுசோன் தீவின் சாலைகளுக்குக் கொடுக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். மணிலாவும் இந்தத் தீவில்தான் இருக்கிறது. மாதா கோயில், பழைய ஊர், திருவிழா, மலை வயல் என நான்கு வகை இடங்களுக்கும் இங்கிருந்தே வேன் பிடித்துப் போகலாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று பார்க்கும்போது எல்லாரும் தூரத்தைத்தான் கேட்கிறார்கள். மூன்று தலைமுறை ஒரே வேனில் ஏறும்போது வேறொன்றையும் கேட்க வேண்டும்: வண்டி நிற்கிற இடத்திலிருந்து பாட்டி எவ்வளவு நடக்க வேண்டும்? எட்டு மணி நேரப் பயணத்தைத் தூங்கியே கடந்துவிடும் பெரியவர்கள் அரை மணி நேர இறக்கத்தில் மூட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

இந்தக் கணக்கில் முதலிடம் அன்டிபோலோவுக்கு. மணிலாவுக்குக் கிழக்கே, மாநகரத்தை ஒட்டிய மலையில் இருக்கிறது. அங்குள்ள ‘அமைதிக்கும் நல்ல பயணத்துக்குமான அன்னை’ என்ற மாதா சிலை 1626-ல் மெக்சிகோவின் அகாபுல்கோவிலிருந்து கப்பலில் வந்தது. பிறகு கேலியன் வணிகக் கப்பல்களுக்குக் காவலாகப் பசிபிக்கைப் பலமுறை கடந்தது. கடல் பயணத்துக்குத் துணை நின்றவள் இன்று சாலைக்கும் துணை நிற்கிறாள். புது வண்டி வாங்கியவர்கள் அதை நேராக இங்கே ஓட்டிவந்து பாதிரியாரிடம் தீர்த்தம் தெளித்துக்கொள்கிறார்கள். வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறவர்களும் வந்து கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். வண்டியே பக்தராக வருகிற தலம் என்பதால் கோயிலுக்குப் பக்கத்திலேயே இறங்கிக்கொள்ளலாம். வாசலில் தேங்காய்ப்பால் சேர்த்து இலையில் கட்டி வேகவைத்த சுமான், வறுத்த முந்திரி இரண்டும் கிடைக்கும். காலையில் கிளம்பினால் மாலைக்குள் திரும்பிவிடலாம்.

போகும் வழியில் கைன்டா என்ற ஊர் வரும். நெரிசலில் நிற்கும்போது பிள்ளைகளுக்குச் சொல்ல அங்கே ஒரு கதை இருக்கிறது. 1762-ல் மணிலாவைப் பிடித்த பிரிட்டிஷ் படை புறப்பட்டது மதராஸிலிருந்து. உடன் போன சிப்பாய்களில் சிலர் 1764-ல் படை திரும்பியபோது கப்பலேறாமல் இந்தப் பக்கத்திலேயே தங்கிக் குடும்பம் நடத்தினார்கள். அவர்களின் வழிவந்தவர்கள் கைன்டாவில் இருக்கிறார்கள். பலகையோ மண்டபமோ தேடி இறங்க வேண்டாம், கதை போதும்.

அன்டிபோலோவைத் தவிர்க்க வேண்டிய காலமும் உண்டு. பெரிய வியாழன் இரவு மணிலாவிலிருந்து பெருங்கூட்டம் நடந்தே மலை ஏறும், மே மாதம் முழுக்க யாத்திரைக் காலம். வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை போய்ப் பழகிய குடும்பத்துக்கு அந்த இரவு பிடிக்கும். கைக்குழந்தை இருந்தால் சாதாரண வாரநாளே நல்லது.

அடுத்தது லுக்பான். தெற்கே கேசோன் மாகாணத்தில், பனஹாவ் மலையடிவாரத்தில் இருக்கிறது. மே 15 அன்று உழவர்களின் காவலரான புனித இசிதோருக்கு பஹியாஸ் திருவிழா. ஊர்வலம் போகும் தெருவின் வீடுகளை நெற்கதிராலும் காய்கறியாலும் கிப்பிங்காலும் மூடிவிடுவார்கள். கிப்பிங் என்பது சாயம் கலந்த அரிசி மாவை மர இலையில் பூசி வேகவைத்து, உரித்துக் காயவைத்த மெல்லிய தகடு. இலையின் நரம்புகூட அதில் பதிந்திருக்கும். அதை நூற்றுக்கணக்கில் கோத்துச் சரவிளக்குப் போல மாடியிலிருந்து தொங்கவிடுவார்கள். ஊர்வலப் பாதை ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் எல்லாத் தெருவுக்கும் முறை வரும்.

பார்க்க வேண்டிய திருவிழாதான். ஆனால் வண்டிக் கணக்கில் நான்கிலும் இதுவே மோசம். தேரோட்ட நாளில் மாட வீதிக்குள் காரை விட முடியுமா? இங்கேயும் அப்படித்தான். ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு மே மாத வெயிலில் நடக்க வேண்டும், திரும்பும்போது அத்தனை வண்டிகளும் ஒரே நேரத்தில் கிளம்பும். என் யோசனை, 14-ஆம் தேதி மதியமே போய்விடுங்கள். வீட்டுக்காரர்கள் ஏணி போட்டு அலங்கரித்துக்கொண்டிருப்பார்கள். முடிந்த அலங்காரத்தைவிட அந்த வேலையைப் பார்ப்பது பிள்ளைகளுக்குப் பிடிக்கும், நின்று பேசவும் ஆட்களுக்கு நேரமிருக்கும். இரவு தயாபாஸிலோ லுசேனாவிலோ தங்கி, 15 அன்று விடிந்ததும் ஒரு சுற்று சுற்றிவிட்டு, கூட்டம் சேருமுன் வெளியேறலாம். அதே நாளில் பக்கத்து சரியாயா ஊரிலும் இதே புனிதருக்கு விழா உண்டு. அங்கே தொங்கவிட்ட பண்டங்களைக் கடைசியில் கூட்டம் பாய்ந்து பறிக்கும் வழக்கம் இருப்பதால், சிறு பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொள்ளுங்கள். மே 15-ல் வர முடியாதவர்கள் லுக்பானுக்காகவே இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை. அங்கே ‘கமாய் நி ஹேசுஸ்’ என்ற தலத்தில் குன்றின் மேல் பெரிய இயேசு சிலை இருக்கிறது. ஆனால் சுமார் 300 படிகள், பாட்டி கீழேதான் காத்திருக்க வேண்டும்.

மூன்றாவது சாலை வடக்கே இலோகோஸ் பகுதிக்குப் போகிறது. நான்கு நாள் கையிலிருந்தால் என் ஓட்டு இதற்குத்தான். மணிலாவிலிருந்து விகான் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். பாதிக்கு மேல் விரைவுச்சாலை, லா யூனியன் மாகாணத்தின் ரொசாரியோவில் அது முடிந்ததும் ஊர்களினூடே போகும் பழைய நெடுஞ்சாலை. ஆக, ஒரு முழுப் பகல் போய்விடும். அதை உடைக்க வழியில் மனவாக் இருக்கிறது. பங்காசினான் மாகாணத்தின் புகழ்பெற்ற ஜெபமாலை மாதா தலம் அது, விரைவுச்சாலையிலிருந்து அதிக விலகலில்லை. அன்டிபோலோவைப் போலவே இங்கேயும் வண்டிக்கு ஆசீர்வாதம் உண்டு. இரண்டு கோயிலும் ஒரே பயணத்தில் வேண்டுமா என்றால், வேண்டாம். வடக்கே போகிறவர்களுக்கு மனவாக் போதும்.

விகான் 1572-ல் ஹுவான் தே சால்செடோ நிறுவிய ஸ்பானிய நகரம், 1999-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கீழ்த்தளம் செங்கல்லும் கல்லும், மேல்தளம் மரம், ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில் கபிஸ் சிப்பி. இதுதான் இந்த ஊர் வீடு. கட்டியவர்களில் பலர் சீன வணிகர் வழிவந்த கலப்புக் குடும்பத்தினர். நடுத்தெருவான கிரிசோலோகோவில் மோட்டார் வண்டிக்கு அனுமதியில்லை. தெருமுனையில் வேன் நின்றுவிடும். அங்கிருந்து ஒற்றைக் குதிரை பூட்டிய கலேசாவில் பெரியவர்களை ஏற்றிவிட்டால் கல் பதித்த தெருவில் அவர்களுக்கு நடையே இல்லை. பிள்ளைகளுக்கும் குதிரை வண்டி வேண்டும், பாட்டிக்கும் வேண்டும். இரு தரப்புக்கும் ஒரே தீர்வு கிடைக்கும் ஊர் அபூர்வம். 2022 ஜூலை நிலநடுக்கத்தில் இங்கே பல பழைய வீடுகளுக்குச் சேதம் ஏற்பட்டது, பக்கத்து பன்டாய் மணிக்கூண்டின் ஒரு பகுதியும் இடிந்தது. எங்கெல்லாம் உள்ளே விடுகிறார்கள் என்று கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

விகானுக்கு வடக்கே பவாய் தேவாலயம். 1710-ல் கட்டி முடித்தது. பவழக்கல்லும் செங்கல்லும் கொண்ட சுவருக்கு முட்டுக்கொடுத்து இரண்டு பக்கமும் பின்புறமும் மாபெரும் தாங்குசுவர்கள் படிக்கட்டுப் போலச் சரிந்து நிற்கின்றன. நிலநடுக்கத்துக்குப் பயந்து செய்த பொறியியல் வேலையே அழகாகிவிட்டது. சுற்றிலும் புல்வெளி, தரை சமம், சக்கர நாற்காலிக்கும் சிரமமில்லை. விகானுக்குத் தெற்கே சான்டா மரியா தேவாலயமும் 1993-ல் பவாயோடு சேர்ந்து அதே யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றதுதான். அது கோட்டை போலக் குன்றின் மேல் நிற்கிறது, படியேற வேண்டும். இரண்டில் ஒன்று என்றால் தயங்காமல் பவாய்.

நான்காவது, பனாவே மலை வயல்கள். இது விரைவுச்சாலைக்கு விலகிய நீண்ட மலைப்பயணம், கடைசி மணி நேரங்கள் வளைவுகள். வாந்தி வரும் பிள்ளை உள்ள குடும்பம் இதை ஒத்திவைக்கலாம். பனாவே ஊருக்கு மேலே சாலையோரக் காட்சிமுனைகளில் வண்டியை விட்டு இறங்கியதுமே வயல்கள் தெரியும். ஆனால் யுனெஸ்கோ 1995-ல் ஏற்ற ஐந்து தொகுதிகளில் இந்தக் காட்சி இல்லை. பாடாட், பங்கான் போன்றவையே அவை. பாடாட்டுக்குச் சாலை முடிந்ததும் நடைதான், திரும்பும்போது ஏற்றம் வேறு. பதின்வயதுப் பிள்ளைகளும் அப்பாவும் பாடாட் போக, மற்றவர்கள் பனாவேயில் இருக்க என்று பிரிந்துகொள்வதே உசிதம். வயல்களுக்கு 2,000 வயது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். தொல்லியலாளர் ஸ்டீபன் அகாபாடோவின் அகழாய்வுகளோ, அவை ஸ்பானியர் வந்த பிறகு பரவலானவை என்கின்றன. சமவெளியில் அவர்களுக்கு அடங்க மறுத்து மலைக்கு ஏறிய மக்களின் வேலை என்றால், எனக்கு அந்தக் குறைந்த வயதே பெருமையாகத் தெரிகிறது.

தெற்கே நாகாவில் செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை பெனாபிரான்சியா மாதாவின் ஆற்று ஊர்வலம் நடக்கிறது. புகழ்பெற்றதுதான், ஆனால் அது புயல் காலம், சாலை நெடியது, கூட்டமோ கடல். முதல் பயணத்துக்கு வேண்டாம்.

எந்தச் சாலையானாலும் நீங்களே ஓட்டுவதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள். இங்கே வலப்பக்கம் ஓட்டுகிறார்கள், மணிலாவில் எண்பலகையின் கடைசி இலக்கத்தைப் பொறுத்து வாரத்தில் ஒரு நாள் வண்டி எடுக்கத் தடையும் உண்டு. ஓட்டுநரோடு வேன் எடுத்தால் இரண்டு கவலையும் அவருக்கு. ஈஸ்டருக்கு முந்தைய வாரத்தில் மட்டும் வேனில் எந்தத் திசையிலும் கிளம்பாதீர்கள், மணிலாவே ஊருக்குக் கிளம்பும்.

சைவக் குடும்பம் என்றால் சாப்பாட்டைக் கிளம்புமுன்பே யோசித்துக்கொள்ளுங்கள். விகானின் எம்பனாடாவில் பப்பாளிக் காயோடு முட்டையும் பன்றித் தொத்திறைச்சியும் வைப்பார்கள். சொன்னால் இரண்டையும் விட்டுவிடுவார்கள், எண்ணெய்ச் சட்டி மட்டும் ஒன்றுதான். லுக்பானில் வாழையிலையில் வைத்து, கை படாமல் வாயாலேயே அள்ளும் பன்சித் ஹப்ஹப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், ஆனால் அதிலும் இறைச்சி உண்டு. கத்தரி, பாகல், வெண்டை எல்லாம் தெரிகிறதே என்று பினக்பெட்டை நம்பி வாங்கிவிடாதீர்கள். அதற்குச் சுவை கொடுப்பதே பகோங் என்ற ஊறிய மீன் விழுது. வெறும் சோறும், முட்டை சாப்பிடுகிறவர்களுக்குப் பொரித்த முட்டையும் எந்தச் சாலையோரக் கடையிலும் கிடைக்கும், ஊறுகாய்ப் பாட்டில் உங்கள் பையில் இருக்கட்டும்.