உப்பு போனால் ஓடும் களிமண்

நார்வே நாட்டில் கடல், மலைகளுக்கு இடையே வெகுதூரம் உள்ளே நுழைந்து கிடக்கிறது. இக்கடற்கால்களுக்கு ஃபியோர்டு என்று பெயர். பனியாறுகள் பாறையை மாவாக அரைக்க, உருகி வரும் நீர் அந்த மாவை இங்கு கொண்டு வந்து சேர்க்கிறது.

நன்னீரில் இந்த நுண்துகள்கள் எளிதில் படியா. துகளின் மேலுள்ள எதிர்மின்சாரம் ஒன்றையொன்று தள்ளி வைக்கிறது. குளிர்ந்த நீர் சற்றுத் தடிப்பானது என்பதால் இறங்குவதும் தாமதமாகிறது. கடலின் உப்பு பட்டதும் தள்ளும் விசை குறைந்து, துகள்கள் திரண்டு, கனத்து அடியில் படிகின்றன. கலங்கிய தண்ணீரில் படிகாரம் இட்டால் தெளிவதும் ஏறத்தாழ இப்படித்தான். களர் நிலத்துக்கு ஜிப்சம் இடுவதும் சிதறிய களித்துகள்களைத் திரளச் செய்யவே.

சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் பனிப்பாளம் உருகியது. பாரம் நீங்கிய நிலம் மெல்ல உயர, பழைய கடலடி வண்டல் வயலாயிற்று. மண் நல்ல மண்தான். ஆனால் மழைநீரும் ஊற்றுநீரும் உள்ளிருந்த உப்பைச் சிறுகச் சிறுகக் கரைத்து வெளியேற்றின. துகள்கள் சீட்டுக்கட்டு வீடு போல அடுக்கி நிற்கின்றன. பிடித்து வைத்த உப்பு மட்டும் இல்லை. அசையாத வரை கெட்டி, அசைந்தால் கூழ்.

1978 ஏப்ரல் 29 அன்று ரிஸ்ஸா என்ற ஊரில் இது நடந்தது. ஒரு விவசாயி தமது தொழுவக் கட்டடத்தை நீட்டிக்கக் கடைக்கால் தோண்டினார். எடுத்த மண் சுமார் 700 கன மீட்டர். அதை அருகிலிருந்த ஏரிக்கரையில் கொட்டினார்கள். அந்தப் பாரத்தில் கரை சரிந்தது; அதன் பின்னால் இருந்த நிலமும் அடுத்தடுத்து உருகி ஏரிக்குள் ஓடியது. சுமார் 33 ஹெக்டேர், அதாவது 80 ஏக்கருக்கு மேல், போயிற்று. ஓர் உயிர் பலியானது. தோண்டியதும் கொட்டியதும் எந்த விவசாயியும் செய்யக்கூடிய காரியமே. அடிமண்ணைப் பரிசோதிக்காததுதான் குறை.

கூழாகிவிட்ட இக்களியில் உப்பைப் போட்டுக் கிளறினால் மறுபடி இறுகுகிறது. இதை வைத்து, நார்வே ஆராய்ச்சியாளர்கள் நிலத்தில் துளையிட்டு பொட்டாசியம் குளோரைடு இறக்கி, மண் உறுதியாவதைச் சோதித்துள்ளனர். பயிருக்கு இடும் மியூரியேட் ஆப் பொட்டாஷ் என்பதும் அதே உப்புதான்.