கருவிலுள்ள சிசுவின் கைகாற் குறைகளை முன்னறிதல்

கிரகணத்தின்போது கருவுற்ற மாதர் வெளியே வந்தால் சிசு அங்கக் குறையோடு பிறக்கும் என்று தமிழ்நாட்டிற் பலவிடத்தும் கூறுவர். மரக்காணப் பகுதியிலுள்ள கூனிமேடு போன்றதோர் ஊரில் பிளந்த கையோடு குழந்தையொன்று பிறக்குமாயின், பழி முழுதும் தாயின் தலைமேல் விழும். அப்பழி தகுமோ என்பதையும், அடுத்த கருவிற் குறையை முன்னறியும் வழியையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

கைகால்களின் அரும்புகள் கரு உண்டாகிய நான்காம் வாரத்தில் தோன்றுகின்றன. எட்டாம் வாரத்திற்குள் விரல்கள் பிரிந்துவிடுகின்றன. ஆறாம் மாதத்துக் கிரகணம், முன்னமே பிரிந்து முடிந்த விரல்களை என் செய்யும்? புறக்காரணங்கள் சில மெய்யாகவே உள. 1957-ல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து 1961-ல் விலக்கப்பெற்ற தாலிடோமைடு என்னும் மருந்து பல்லாயிரம் சிசுக்களின் கைகால்களைக் குறைத்தது.

பரம்பரைக் குறைகள் வேறு. மிகுவிரல், பிளவுக்கை முதலியன பெரும்பாலும் பெற்றோருள் ஒருவரிடமிருந்தே வருவன. அவ்வொருவர் தந்தையாகவும் இருக்கலாம். ஒவ்வொரு கருவிலும் அம்மரபணு சேரும் வாய்ப்புப் பாதி. வேறு சில குறைகளிற் பெற்றோர் இருவரும் புறத்தே குறையற்றோராய், மாறிய மரபணுவை மறைவாகத் தாங்குவர். அப்போது வாய்ப்பு நான்கில் ஒன்று. தாய்மாமனையும் அத்தை மகனையும் மணக்கும் நம் வழக்கத்தில் முன்னோர் ஒருவரின் மாறுதலே இருவழியாகவும் வந்து கூடுதல் எளிதாகின்றது. ஆயினும் கைகால் குறுகும் அகாண்ட்ரோப்ளேசியாவிற் பெரும்பாலும் பெற்றோர் குறையற்றோரே. மாறுதல் புதிதாய் எழுந்ததாம். இதற்குரிய மரபணு 1994-ல் அறியப்பட்டது.

பதினெட்டு முதல் இருபதாம் வாரத்திற் செய்யும் ஸ்கேன் வடிவத்தைக் காட்டும், காரணத்தைக் காட்டாது. காரணமறிய, பதினோராம் வாரத்திற்குமேல் நச்சுக்கொடியின் சிறு துணுக்கையோ, பதினைந்தாம் வாரத்திற்குப் பின் பனிக்குட நீரையோ ஊசியால் எடுத்துச் சோதிப்பர். கருச்சிதைவு நேரும் அபாயம் சிறிதளவு உண்டு. சோதனை எவ்வளவு நுட்பமாயினும் குறையின் அளவைச் சொல்லவல்லதன்று: பிளவுக்கைக் குடும்பங்களில் ஒரே மாறுதல் தந்தைக்குச் சிறு குறையாயும் மகவுக்குப் பெருங்குறையாயும் வெளிப்படக் காண்கிறோம்.

1994-ஆம் ஆண்டுச் சட்டம், குடும்பத்தில் உடற்குறை இருப்பின் இச்சோதனைக்கு இடந்தருகின்றது. ஆணோ பெண்ணோ என்று வெளியிடுதலைத் தடுக்கின்றது. சோதனையின் தீங்குகளை எடுத்துரைத்து, அம்மாது அறிந்த மொழியில் எழுத்தாற் சம்மதம் பெறல்வேண்டும். 2021-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பெருங்குறையென்று மருத்துவக் குழு கண்டாற் கருக்கலைப்பிற்கு இருபத்துநான்கு வார எல்லை இல்லை. மிகுவிரலோ பிறந்தபின் எளிதில் அகற்றத்தக்கது. அதனைப் பெருங்குறையோடு ஒருங்கெண்ணுதல் தகாதென்பது நம் கருத்து.

கூனிமேட்டார்க்குப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை அணித்தேயுளது. எங்குச் செல்லினும் குறையுடைய உறவினரையும் உடனழைத்துச் செல்லல் நன்று. அவர் குருதியில் மாறுதலை முதலிற் கண்டாலன்றிக் கருவில் எதனைத் தேடுவதென்பது தெளிவாகாது. அதற்குப் பல வாரங்கள் செல்லுமாதலின், அடுத்த கரு உண்டாகுமுன்னரே அச்சோதனையை முடித்துக்கொள்ளல் வேண்டும்.