வெடித்த ராக்கெட்டில் மாணவர்களின் ஆய்வுகள்

கேள்வி: பள்ளி மாணவர்களின் ஆய்வுகளையும் விண்வெளி நிலையத்துக்கு அனுப்புகிறார்களாமே? ராக்கெட் வெடித்தால் உழைப்பெல்லாம் வீண்தானா?

பதில்: வெடித்தே இருக்கிறது. 2014 அக்டோபர் 28 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியாவில் கிளம்பிய அன்டாரஸ் ராக்கெட் சில விநாடிகளிலேயே வெடித்துச் சிதறியது. அதில் 18 மாணவர் குழுக்களின் ஆய்வுகளும் எரிந்துபோயின. பிள்ளைகள் எப்படித் துடித்திருப்பார்கள்! ஆனால் யாரும் சோர்ந்து உட்காரவில்லை. அவற்றில் 17 ஆய்வுகளை மறுபடி தயாரித்து, 2015 ஜனவரி 10 அன்று ஃபால்கன் 9 ராக்கெட்டில் ஏற்றிவிட்டார்கள். எனக்கு இந்த வேகம்தான் பெரிய சாதனையாகப் படுகிறது.

மாணவர்கள் இப்படி அனுப்பும் ஆய்வுக்கூடம் என்பது ஒரு சாண் நீளம்கூட இல்லாத சிலிகோன் குழாய். நடுவே கிளிப் போட்டு அறைகளாகப் பிரித்திருப்பார்கள். ஓர் அறையில் விதை, அடுத்ததில் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறித்த நாளில் விண்வெளி வீரர் கிளிப்பைக் கழற்றிக் குலுக்குவார். இரண்டும் கலக்கும். பள்ளியிலும் அதே போன்ற குழாயில் அதையே செய்வார்கள். ஈர்ப்பு விசையின் பங்கு என்ன என்பது இரண்டையும் ஒப்பிட்டால்தான் தெரியும். உள்ளே போகும் திரவம் ஒவ்வொன்றையும் நச்சுத்தன்மை உண்டா என்று நாசா முன்கூட்டியே சோதித்துவிடும். மூடிய நிலையத்துக்குள் கசிந்தால் ஜன்னலைத் திறந்துவிட முடியாதே.